நீதாள்

சென்னையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. பதினோரு வருடமாகச் சந்திப்பிழைக்காக எழுத்தாளர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு விகுதிக்காக நான் திட்டு வாங்கியது ஒரே ஒரு தடவைதான்.

இளையோருக்கான காதல் கதை அது. வேளச்சேரியில் ஒரு மொட்டை மாடி அறை, வாடகையைப் பாதிப்பாதி போட்டுக்கொள்ளும் இரண்டு பெண்கள். ஒருத்தி கதை சொல்கிறாள். இன்னொருத்தி, யாழினி, திருநங்கை. தண்ணி மோட்டாரை யார் போடுவது என்ற சண்டையில் தொடங்கி, ஒரே தட்டில் சாப்பிடுவது வரை மெதுவாக நகரும் காதல்.

யாழினியின் பள்ளி நாட்களில் எங்கு பார்த்தாலும் 'ஓடினாள்', 'அழுதாள்'. எழுதியவர் கவனிக்கவில்லை போல என்று பதினேழு இடங்களில் 'ள்'ஐ 'ன்' ஆக்கி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையிலேயே போன்.

"அக்கா, பத்து வயசுல அவளைப் பையன்னு எல்லாரும் நினைச்சாங்க. அதுக்காக அவ பையன் ஆயிடுவாளா?"

எனக்குப் பதில் வரவில்லை. மெய்ப்புக்காரி கடைசியில் இலக்கணத்திடம்தானே ஓட வேண்டும்? ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்று 13ஆம் நூற்றாண்டு நன்னூலிலேயே இருக்கிறது. தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014இல். நன்னூலையும் முழுக்கக் கொண்டாட முடியாது. அதே சூத்திரத்தின் கடைசி அடி, அஃறிணை போலவும் வரலாம் என்கிறது. கதையில் வீட்டுக்காரம்மா அதைத்தான் செய்கிறார்: "அது ராத்திரி எத்தனை மணிக்கு வருது?" அந்த 'அது'வில் நான் கை வைக்கவில்லை. யாழினியின் அம்மா சொல்லும் 'வந்தான்'களிலும் கூட.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அறைக்குள் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் பக்கங்களில் எனக்கு வேலையே இல்லை. 'நான் வந்தேன்', 'நீ வந்தாய்' என்பதில் ஆணும் கிடையாது, பெண்ணும் கிடையாது. ஹிந்தியில் 'நான் போனேன்' என்றாலே சொல்பவர் ஆணா பெண்ணா என்பது வெளியே வந்துவிடும். தமிழில் மூன்றாவது ஆள் வாயைத் திறந்தால்தான் விகுதித் தகராறு.

சரி, திருத்தியதைத் திரும்ப மாற்ற வேண்டும். நேரமில்லை. டிடிபி அண்ணனிடம், "'னான்' எல்லாத்தையும் 'னாள்' ஆக்குங்க, 'தான்' எல்லாத்தையும் 'தாள்' ஆக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் மொத்த ஃபைலுக்கும் போட்டுவிட்டார். 'இப்போதுதாள்', 'அவள்தாள்', 'உண்மைதாள்'. தெருமுனைக் கடை மஸ்தான் பாய் மஸ்தாள் பாய் ஆகிவிட்டார். அண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை, புத்தி என்னுடையது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

புத்தகம் அச்சாகி வந்தது. 112ஆம் பக்கத்தைப் பிரித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. மின்சாரம் போன இரவு, கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே நின்று, கதை சொல்பவள் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறாள்: "எனக்கு நீதாள்."

எழுத்தாளருக்குப் போன் செய்து, அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடுகிறேன் என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "வேணாம்க்கா. அது மட்டும் அப்படியே இருக்கட்டும்."