பேருந்தில் போனால் வாந்தி வருமா?

குடல்வால் வெடித்துத் துடிக்கும் நோயாளியிடம் மயக்க மருத்துவராகிய நான் "பேருந்தில் போனால் வாந்தி வருமா?" என்று கேட்டால், உடன் வந்தவர்கள் என்னை விசித்திரமாகப் பார்ப்பார்கள். ஆப்ஃபெல் என்ற மயக்க மருத்துவரின் குழுவினர் 1999இல் வெளியிட்ட கணிப்பு முறையின்படி, பெண்ணாக இருத்தல், புகைபிடிக்காதிருத்தல், பயணத்திலோ முந்தைய அறுவைக்குப் பிறகோ குமட்டியிருத்தல், அறுவைக்குப் பின் ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலிமருந்து தேவைப்படுதல் ஆகிய நான்கில் எதுவும் இல்லாதவருக்குச் சுமார் 10 விழுக்காடாக இருக்கும், அறுவைக்குப் பின் குமட்டலோ வாந்தியோ வரும் வாய்ப்பு, நான்கும் உள்ளவருக்கு ஏறத்தாழ 80 விழுக்காடாகிறது. (புகைப்பவர்களுக்கு இதில் மட்டும் ஒரு சலுகை உண்டு, அதை நான் அவர்களிடம் சொல்வதில்லை.)

அவசர அறுவையில் வயிறு காலியாக இருக்கும் என்று நம்பவே கூடாது. எத்தனை மணிநேரம் பட்டினி கிடந்திருந்தாலும், வலியும் குடல் அடைப்பும் இரைப்பையை அசையவிடாமல் வைத்திருக்கும். அதனால் அடைப்பு உள்ளவர்களுக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குள் ரைல்ஸ் குழாயை இறக்கி, தேங்கிய பச்சை நீரை உறிஞ்சிய பிறகே மயக்கம் கொடுக்கிறோம்.

வாந்தியைத் தடுக்கும் மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் வேலைசெய்ய நேரமெடுக்கும் என்பதால் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். ஆனால் நோயாளி தூங்கிய பிறகுதான், ஏனெனில் விழித்திருப்பவருக்கு வேகமாகச் செலுத்தினால் பிறப்புறுப்பைச் சுற்றித் தாங்கமுடியாத எரிச்சல் எழும். மற்றொரு வாந்தித் தடுப்பு மருந்தான ஒன்டான்செட்ரான் 4 மில்லிகிராம், அறுவை முடியும் தறுவாயில். வாய்ப்பு மிகுந்தவர்களுக்கு மயக்க வாயுவைத் தவிர்த்து, நரம்புவழி மயக்க மருந்தான புரோபோஃபாலைத் தொடர்ந்து செலுத்துவதும், வயிற்றுச்சுவர் நரம்புகளை மரக்கச்செய்து ஓபியாய்டைக் குறைப்பதும் நல்ல பலன் தருகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் வாந்தி வந்தால், கொடுத்த மருந்தையே ஆறு மணிநேரத்துக்குள் மீண்டும் கொடுப்பதில் பயனில்லை. வேறு வகை மருந்து வேண்டும். குடல் அடைத்திருக்கையில், இரைப்பையையும் குடலையும் வேகமாக அசைக்கும் வாந்தி மருந்தான மெட்டோகுளோப்ரமைடு ஆபத்து என்பதால், ஊசியை எடுக்குமுன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதே முறை.

அடைப்புக்காக அறுவை செய்யப்பட்ட ஒரு பெண்மணி மறுநாள் மூன்றாம் முறையாக ஓங்கரித்தபோது, செவிலியர் அடுத்த மருந்தை ஊசியில் ஏற்றி வைத்திருந்தார். வயிறு பறைபோல் உப்பியிருந்தது. ரைல்ஸ் குழாயின் சேகரிப்புப் பையோ காலையிலிருந்து காலி. மூக்கின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்தபோது, அதனடியில் குழாய் மடங்கிக் கிடந்தது தெரிந்தது. நிமிர்த்திவிட்டதும் அரைப் பைக்குமேல் பச்சை நீர் இறங்கியது. ஏற்றிய மருந்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டோம்.