ஒரு சக்கரம், இருவர்

1 மார்ச் 2025, சனி

புதிதாகக் கற்பவர்களுக்கான மண்பாண்டப் பட்டறையில் இன்று முதல் நாள். எட்டுப் பேருக்கு நான்கு மின்சக்கரங்கள்தாம் இருந்தன. இருவருக்கு ஒன்று என்று அறிந்தபோது ஏமாற்றமடைந்தேன். பொழுது முடிவதற்குள் அந்த ஏற்பாட்டுக்கு நன்றி சொன்னேன்.

முதலில் அனைவரும் ஒரே நீண்ட மேசையைச் சுற்றி நின்று மண்ணைப் பிசைந்தோம். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறுவதற்கும், ஈரம் எங்கும் ஒரே சீராகப் பரவுவதற்கும் இது தேவை என்றார் ஆசிரியை. கைகள் வேலையில் இருந்ததாலோ என்னவோ, அறிமுகமற்றவர்களிடையே பேச்சு இயல்பாகத் தொடங்கியது.

அடுத்தது மையப்படுத்துதல். வேகமாகச் சுழலும் தட்டின் நடுவில் ஒட்டிய அரை கிலோ மண்ணை, ஈரக் கைகளால் அணைத்துப் பிடித்து, அதன் தள்ளாட்டம் அடங்கும்வரை விடாமல் நிறுத்த வேண்டும். நான் தோள் வலிக்க அழுத்தினேன். மண்ணோ என் கைகளையே ஆட்டிவைத்தது. என்னுடன் சக்கரத்தைப் பகிர்ந்துகொண்ட பெரியவர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "முழங்கை அந்தரத்தில் நிற்கிறது, தொடையில் ஊன்றிப் பாருங்கள், தம்பி" என்றார். ஊன்றினேன். கைகளுக்குள் மண் அமைதியடைந்தது. ஈரத்தின் மினுமினுப்பைத் தவிர, அது சுழல்கிறது என்பதற்கு வேறு அடையாளமே தெரியவில்லை. அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போதும் உள்ளங்கையில் உணர்கிறேன்.

பின்னர் கட்டைவிரலால் குழி திறந்து, வேகத்தைக் குறைத்து, சுவரை மேலே இழுத்தோம். என் முதல் கிண்ணத்தை ஆசிரியை கம்பியால் இரண்டாக அறுத்துக் காட்டினார். அடியில் தடித்தும் விளிம்பில் மெலிந்தும் இருந்த அந்தச் சுவர், எந்த விளக்கத்தையும்விடத் தெளிவாக என் தவற்றைக் காட்டியது. மாணவரின் கலத்தைத் தாமே திருத்திக் கொடுக்காத ஆசிரியர்தாம் நல்ல ஆசிரியர் என்று கருதுகிறேன்.

8 மார்ச், சனி

நெகிழித்தாளில் சுற்றி வைத்திருந்த கலங்கள் தோல்போல் இறுகியிருந்தன. இரண்டாவது கிண்ணத்தைக் கவிழ்த்து, அடிப்பகுதியைச் சீவினேன். விட்டம் 12 செ.மீ. இருந்தது.

22 மார்ச், சனி

ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில் முதற்சூடு முடிந்து கலங்கள் வந்துவிட்டன. முழுவதும் உலராத கலத்தைச் சூளையில் விரைந்து சூடேற்றினால், உள்ளே எஞ்சிய நீர் ஆவியாகி அதை வெடிக்கச் செய்துவிடும் என்பதால்தான் இரண்டு வாரம் காத்திருந்தோம்.

பெரியவரின் குவளை அடியில் விரிசல் விட்டிருந்தது. ஆங்கில எழுத்து எஸ் வடிவில் வளைந்து செல்லும் இவ்வகை விரிசல், வனையும்போது அடிமண்ணைப் போதுமான அளவு அழுத்தாததால் பெரும்பாலும் ஏற்படுகிறதாம். அவர் வனைந்தபோது அருகிலிருந்து பார்த்தவன் நான். என் முழங்கையை அவர் கவனித்தார். அவருடைய கலத்தின் அடியை நான் கவனிக்கவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்றாலும், எனக்கு மனம் ஆறவில்லை.

என் கிண்ணத்தைக் கண்ணாடிப் பூச்சுக் கரைசலில் சில நொடிகள் முக்கி எடுத்தேன். அடியில் படிந்த பூச்சை ஈரப் பஞ்சால் துடைத்தேன். துடைக்காவிட்டால் அது உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

5 ஏப்ரல், சனி

1,200 டிகிரிக்கு மேற்பட்ட இரண்டாம் சூட்டிலிருந்து கிண்ணம் வந்தது. அளந்து பார்த்தேன்: 10.5 செ.மீ. உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும் என்று அறிந்திருந்தும், கையில் எடுத்தபோது வியப்பாகவே இருந்தது.

பெரியவர் இன்று மறுபடியும் குவளை வனைந்தார். நான் அருகில் அமர்ந்து அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவிலிருந்து விளிம்புக்கும், விளிம்பிலிருந்து நடுவுக்குமாக மூன்று முறை அழுத்தச் சொன்னேன். அவர் நான்கு முறை அழுத்தினார்.