வால்பாறைக்கு ஒரு நாலு மீட்டர் செடானில்

திருச்சியிலிருந்து வால்பாறைக்குப் போனோம். அம்மா, அண்ணன், அண்ணி, அண்ணன் மகள், நான். அண்ணனுடைய வண்டி, 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் போட்ட சின்ன செடான் (பின்னால் தனி டிக்கி உள்ள கார்), மேனுவல் கியர். எந்த கம்பெனி வண்டி என்று சொல்லவில்லை. நான் சொல்லப்போவது டிசையர், அமேஸ், ஆரா, டிகோர் என இந்த வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய பொருந்தும். இவற்றின் நல்லது கெட்டது இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அது வரிச் சட்டம்.

2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். நீளம் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசியைத் தாண்டக் கூடாது. 2008ல் முதல் டிசையர் வந்தபோது அதன் நீளம் 4160 மில்லிமீட்டர். 2012ல் டிக்கியை வெட்டி 3995க்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் சின்ன செடான் எதை அளந்தாலும் நாலு மீட்டருக்குச் சில மில்லிமீட்டர் குறைவாகத்தான் இருக்கும். ஜிஎஸ்டி வந்த பிறகும் இந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு வரி 18 சதவீதம். ஆக, நீளமும் இன்ஜினும் சாலையைப் பார்த்து முடிவானவை அல்ல, வரியைப் பார்த்து முடிவானவை. மலைக்குப் போனால்தான் இது உடம்புக்குப் புரிகிறது.

மணப்பாறை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. எண்பதில் ஐந்தாவது கியரில் விட்டால் இன்ஜின் இருப்பதே தெரியாமல் ஓடுகிறது. ஏசி போட்டு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையில் லிட்டருக்கு இருபதுக்குக் குறையவில்லை. கம்பெனிக்காரர்கள் சொல்லும் கணக்கு இதைவிட அதிகம்தான், ஆனால் அது சோதனைக் கூடத்துக் கணக்கு. வீட்டுச் சாமான்களோடு போகும் குடும்பத்துக்கு இருபது என்பது பெரிய விஷயம். டேங்க் சின்னது, 35 லிட்டருக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அப்படியும் திருச்சியில் நிரப்பிய பெட்ரோல் வால்பாறை போய்ச் சேர்ந்தும் மிச்சம் இருந்தது.

டிக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டிய டிக்கி என்றாலும் சுமார் 380 லிட்டரிலிருந்து 420 வரை கிடைக்கிறது. இரண்டு பெரிய பெட்டி, அம்மாவின் சாப்பாட்டுக் கூடை, குடைகள், கம்பளி எல்லாம் உள்ளே போய்விட்டன. மூடிய டிக்கி என்பதால் வழியில் நிறுத்திச் சாப்பிடும்போது சாமான் வெளியே தெரியுமோ என்ற கவலை இல்லை. சிஎன்ஜி வண்டி வாங்க நினைப்பவர்கள் மட்டும் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல வண்டிகளில் ஒரு பெரிய சிலிண்டர் பாதி இடத்தைத் தின்றுவிடும். டிகோரில் ஒன்றுக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கியின் தளத்துக்குக் கீழே படுக்கவைத்து இந்தச் சிக்கலைக் குறைத்திருக்கிறார்கள்.

உடுமலையைத் தாண்டியதும் முதல் குறை தெரிந்தது. ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடித்துக்கொண்டு வரும் இடம் அது. காற்றாலைகளை அங்கே நட்டிருப்பதே அதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது, ஒரு டன்னுக்கு முன்பின் எடையுள்ள கார் எம்மாத்திரம்? லாரியை ஓவர்டேக் செய்து அதன் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் வண்டியைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளுகிறது. மைலேஜ் கொடுக்கும் அதே எடைக்குறைவுதான் இங்கே ஆட்டம் காட்டுகிறது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, வேகத்தை எழுபதுக்கு இறக்கினால் சரியாகிவிடும். புதிதாக ஓட்டுபவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பொள்ளாச்சியில் காபி குடித்துவிட்டு ஆழியாறு வந்தோம். வனத்துறை சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்குகிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அங்கிருந்து கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடும் தெரியும். எங்களுக்குப் பாதி அணைதான் கிடைத்தது, மீதியை மேகம் மூடிவிட்டது.

இந்த ஏற்றத்தில்தான் 1.2 லிட்டரின் உண்மை வெளிப்படுகிறது. இந்த வகை இன்ஜின்களின் அதிகபட்ச இழுவிசை (டார்க்) 110 நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலானவற்றில் இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்றைத் தாண்டினால்தான் முழுசாக வரும். வளைவில் வண்டி கிட்டத்தட்ட நின்று திரும்பும்போது இன்ஜின் 1500க்கு இறங்கிவிடுகிறது. இரண்டாவது கியரில் மிதித்தால் உறுமுகிறது, நகர மாட்டேன் என்கிறது. முதல் கியருக்கு வந்தே ஆகவேண்டும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் என்பதால் உயரம் கூடக் கூடக் காற்று குறைந்து பலமும் குறையும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம். ஏசியை அணைத்தபோது வண்டிக்கு மூச்சு வந்ததை எல்லோரும் உணர்ந்தோம். பழைய டிசையர் டீசல் 190 நியூட்டன் மீட்டரை 2000 சுற்றிலேயே கொடுத்தது. 2020ல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது அது போய்விட்டது. மலையோரம் குடியிருப்பவர்கள் அந்த டீசலை இன்னும் விற்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அதே வளைவுகளில்தான் நாலு மீட்டரின் அருமையும் தெரிந்தது. மேலிருந்து அரசுப் பேருந்து இறங்கும்போது வளைவு முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். ஏறுகிற வண்டி ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும். நீளமான வண்டியில் வந்தவர்கள் முன்னே பின்னே எடுத்துத் திணறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி சுவரோரம் ஒண்டி நின்று, பேருந்து போனதும் ஒரே திருப்பில் வளைந்துவிட்டது. அண்ணன் எந்த வளைவிலும் ரிவர்ஸ் எடுக்கவில்லை. இதை நினைத்து யாரும் அந்தச் சட்டத்தை எழுதியிருக்க மாட்டார்கள், இருந்தாலும் வால்பாறைச் சாலைக்கு இது வரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது எல்லோரும் உயரமான எஸ்யூவி பக்கம் போகிறார்கள். மலைப்பாதையில் வாந்தி வரும் ஆட்கள் வீட்டில் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். செடான் தரையோடு ஒட்டி ஓடுவதால் வளைவில் சாய்வு குறைவு. கொடைக்கானலுக்கு உயரமான வேனில் போய்ப் பாதி வழியில் படுத்துவிட்ட அம்மா, இங்கே நாற்பது வளைவையும் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்தபடி தாண்டிவிட்டார்.

ஆனால் வண்டியில் ஏறி இறங்கும்போதுதான் அம்மாவுக்குக் கஷ்டம். மூட்டுவலி. தாழ்ந்த சீட்டில் உட்காரும்போது பொத்தென்று விழ வேண்டும், எழும்போது கதவைப் பிடித்து, ஒரு கை கொடுத்து, தூக்கிவிட வேண்டும். கூரை பின்னால் சரிவதால் தலையும் இடிக்கும். வயதானவர்களை அடிக்கடி கூட்டிப்போகும் குடும்பத்துக்கு மைலேஜைவிட இது முக்கியம் என்பது என் எண்ணம். வாங்கும் முன் அவர்களை ஷோரூமுக்கே கூட்டிப்போய் நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்த அண்ணன் மகளுக்கும் சுகமில்லை. அந்த இடம் ஒரு குழந்தைக்குத்தான் சரி.

தங்கிய இடம் தேயிலைத் தோட்டத்துக்குள். கடைசித் துண்டுச் சாலை தார் போய், கல் பெயர்ந்து, மழையில் குழம்பிக் கிடந்தது. இந்த வண்டிகளுக்குத் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி 160, 170 மில்லிமீட்டர். அது ஆள் ஏறாதபோது உள்ள கணக்கு. ஐந்து பேரும் சாமானும் ஏறினால் பின்பக்கம் நன்றாகவே அமுங்கிவிடும். முதல் கல்லிலேயே அடி தட்டியது. அம்மாவைத் தவிர எல்லோரும் இறங்கி நடந்தோம், அண்ணன் கல் பார்த்துக் கல் பார்த்து ஓட்டி வந்தார். கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் நின்று, எந்தப் பக்கம் பள்ளம் குறைவு என்று கைகாட்டி உதவினார்கள்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒன்று. பாதுகாப்பில் இந்த வகை நிறைய மாறியிருக்கிறது. 2020ல் டிகோர், வண்டியை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது, 2024ல் புதிய டிசையர் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து வாங்கியது. அதே பெயர், அதே சாயல் என்று பத்து வருடம் பழைய வண்டியும் அதே பலத்தோடு இருக்கும் என்று நம்ப வேண்டாம். எத்தனை ஏர்பேக், பின்சீட்டில் என்ன பெல்ட் என்று பார்த்து வாங்குங்கள்.

மலை இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விட்டு, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து வந்தோம். ஏறுவதற்கு எந்த கியரோ இறங்குவதற்கும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்துகிறது. பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான் இருக்கும். மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிவிடும். நீங்கள் போவதாக இருந்தால் பொள்ளாச்சியிலேயே டயரில் முழுச் சுமைக்கான காற்றை வைத்துவிடுங்கள், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் அளவு இருக்கும். மழைக் காலத்தில் தோட்ட பங்களா பிடித்தால், வண்டியை வால்பாறை ஊருக்குள் விட்டுவிட்டு ஜீப்பில் வரலாமா என்று முதலிலேயே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.