கேரனின் குரல்

வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று. கார்பென்டர்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1971இல் வந்த ‘ரெய்னி டேஸ் அண்ட் மண்டேஸ்’. முதலில் அந்த மவுத் ஆர்கன், அப்புறம் பாடகி கேரன்.

மற்றவர்கள் உச்சத்துக்குப் போய் அசத்துவார்கள். கேரன் கீழே இறங்குவார். அந்தக் கீழ்ஸ்தாயியில்தான் அவர் குரலின் கனம் முழுக்க இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஹெட்போனில் கேட்டால் அடுத்த வரிக்கு முன்னால் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்.

அவர்களுடைய பாட்டுகளில் பின்னால் பெரிய கோரஸ் பாடுவதுபோல இருக்கும். பாடுவது அண்ணன் ரிச்சர்டும் தங்கை கேரனும் மட்டும்தான். தங்கள் குரல்களையே திரும்பத் திரும்பப் பதிந்து அடுக்கினார்கள். இவ்வளவுக்கும் கேரன் தன்னை டிரம்மர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்!

எழுபதுகளின் இந்த சாஃப்ட் ராக்கை வெறும் சர்க்கரைப்பாகு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இத்தனை துக்கத்தை இத்தனை அமைதியாகப் பாடுவது லேசான காரியமா?

1983 பிப்ரவரியில் கேரன் போய்விட்டார். வயது 32. உணவை மறுக்கும் நோய் உடலைத் தின்றுவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

என் பழைய கேசட்டில் சாக்ஸபோன் வரும் இடத்தில் டேப் லேசாக இழுக்கும். இப்போது ஃபோனில் சுத்தமாகக் கேட்கிறது. ஆனாலும் அந்த இடம் வந்தால் காது அந்த இழுப்புக்குக் காத்திருக்கிறது.