இடது பக்கம் ஊற்றிய ஐஸ் தண்ணீர்

நெல்லிக்குப்பத்தில் பட்டறை போட்டு 18 வருடம் ஆகிறது. கத்திரி வெயில் வந்தால் எங்களுக்கு ஒரு தனி வகை வேலை வரும். வண்டி காலையில் அருமையாக ஓடும், வெயில் ஏறியதும் நின்றுவிடும், அரை மணி நேரம் நிழலில் விட்டால் மறுபடி கிளம்பிவிடும். பட்டறைக்கு வந்து சேரும்போது அதில் ஒரு குறையும் தெரியாது. இப்படி வந்தவற்றில் என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு மீன்கார அண்ணனின் வண்டி.

150 சிசி, கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி. விடியற்காலையில் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்து, பின்னால் கட்டிய பெட்டியில் ஐஸ் போட்டு, நெல்லிக்குப்பத்தில் தொடங்கி பண்ருட்டி வழியில் இருக்கும் ஊர்களில் விற்றுக்கொண்டே போவார். அவர் என்னிடம் வந்தது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுக்காரர்கள் கரையோரமாகப் பிடித்து வரும் நெத்திலியும் மத்தியும்தான் கிடைக்கும். வரத்து குறைவு, வாங்கும் விலை அதிகம். அந்த மீனோடு நடுரோட்டில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"தம்பி, பத்தரை பதினொண்ணு ஆனா பொசுக்குன்னு நின்னுபோவுது. பெட்டியில இருக்கிற ஐஸ் தண்ணிய இஞ்சின்ல ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல கெளம்பிடும். அதுவும் இந்தப் பக்கம் ஊத்தினாதான்" என்று இடது பக்கத்தைக் காட்டினார். நான் பதறிப்போய், "அண்ணே, கொதிக்கிற இஞ்சின்ல தண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விட்டுடும்" என்றேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். இஞ்சினின் இடது பக்க மூடியான மேக்னட் கவரில் மட்டும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பையன் அதை வாட்டர் வாஷில் கழுவிவிட்டான்.

கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், பிளக் மாற்றினேன். கடலூர் ரோட்டில் 50 வேகத்தில் 10 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன், ஒரு சிணுங்கல் இல்லை. காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். இந்த முறை டேங்க் மூடியைப் பார்த்தேன். அதில் காற்று போகும் சின்னத் துளை பாதி அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், வராவிட்டால் பெட்ரோல் இறங்குவது நின்றுபோகும். கொஞ்ச நேரம் ஓடி நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டுமா? வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளியையும் பார்த்தேன். இடைவெளி ரொம்பக் குறைவாக இருந்தால் சூட்டில் வால்வு நீண்டு, முழுசாக மூடாமல் கம்ப்ரெஷன் போய்விடும். அது சரியாக இருந்தது. மூடியைச் சுத்தம் செய்து, கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிறைவோடு அனுப்பினேன். அந்த அடைப்பு உண்மையான குறைதான். ஆனால் வண்டியை நிறுத்திய குறை அது இல்லை.

அடுத்த முறை வண்டி வரவில்லை, போன்தான் வந்தது. மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். எட்டு கிலோ நெத்திலி கெட்டுப்போய்க் கொட்டிவிட்டாராம். அவர் கோபப்படவே இல்லை. "இன்னிக்குப் போச்சு தம்பி" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், பிளக்கில் பொறி வரவைக்கும் சிடிஐ என்ற மின்பெட்டி நல்லதாக ஒன்று எடுத்துக்கொண்டு என் வண்டியில் அவர் பின்னாலேயே போனேன். அரை மணி நேரத்தில் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. அவர் தெருவுக்குத் தெரு நிற்கிறார். ஹாரன் அடித்துக் காத்திருக்கும்போது இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாலு பேர் வந்தால் அணைத்துவிட்டு எடை போடுகிறார். மறுபடி முதல் கியர், இரண்டாம் கியர், அடுத்த தெரு. ஏர்கூல்டு இஞ்சினுக்கு ஓட்டத்தில் அடிக்கும் காற்றுதான் குளிர்ச்சி, அது இவர் வண்டிக்குக் கிடைப்பதே இல்லை. நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் இஞ்சினுக்குள் இருக்கும் சூடு பக்கத்துப் பாகங்களில் ஏறும். நான் 50 வேகத்தில் ஓட்டிப் பார்த்தது இவருடைய ஓட்டமே இல்லை. வண்டிக்கு நன்றாக விசிறிவிட்டுக்கொண்டே சோதனை செய்திருக்கிறேன்!

பதினொன்றே காலுக்கு வண்டி நின்றது. முதலில் டேங்க் மூடியைத் திறந்தேன், காற்று உறிஞ்சும் சத்தம் இல்லை. பிளக்கைக் கழற்றி ஹெட்டில் ஒட்டவைத்து, உச்சி வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது என்பதால் துண்டால் மறைத்துக்கொண்டு, அவரைக் கிக்கர் அடிக்கச் சொன்னேன். பொறியே இல்லை. சிடிஐயை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. அப்புறம் பிக்கப் காயிலின் ஒயரைப் பிரித்து மீட்டர் வைத்தேன். வெறும் 1 காட்டியது, அதாவது உள்ளே தொடர்பு அறுந்திருக்கிறது. மீட்டரை எடுக்காமல் வேப்ப மர நிழலில் உட்கார்ந்துவிட்டோம். இருபது நிமிஷம் கழித்து 1 போய் 220 ஓம் வந்தது. கிக்கர் அடித்ததும் கிளம்பிவிட்டது.

பிக்கப் காயில் இருப்பது இடது பக்க மேக்னட் கவருக்குள். பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்வது அதுதான். முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி, மேலே ரெசின் ஊற்றியிருப்பார்கள். கம்பி ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தால், சூடு ஏறும்போது கம்பியும் ரெசினும் வெவ்வேறு அளவில் விரிந்து அந்த முனைகள் பிரியும், ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும். நல்ல காயிலிலும் சூட்டில் ஓம் கூடத்தான் செய்யும். செம்புக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் ஏறும், 50 டிகிரி ஏறினால் 200 ஓம் 240 ஆகும். அதைப் பார்த்துக் காயிலைத் தூக்கிப் போடக்கூடாது. தொடர்பே அறுந்துபோனால்தான் கோளாறு. மார்கழியில் அந்த முனைகள் பிரியும் அளவுக்குச் சூடு ஏறவில்லை, சித்திரையில் ஏறிவிட்டது.

முதல் நாளே அந்த அண்ணன் எனக்கு இடத்தைக் கையால் தொட்டுக் காட்டியிருக்கிறார். ஐஸ் தண்ணீர் விழுந்தது காயில் இருந்த கவரின் மேல். பூத்திருந்த உப்பும் அதே இடத்தில்தான். வண்டியோடு தினமும் எட்டு மணி நேரம் இருக்கிற மனிதர் சொன்னதை, தண்ணீர் ஊற்றக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் தட்டிவிட்டேன்.

காயிலை மாற்றி, அடுத்த நாளும் பண்ருட்டி வரை கூடவே போனேன். வண்டி நிற்கவில்லை. முன்பு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்தார், பெட்டியின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பழைய காயில் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தால், அதையும் மீட்டரையும் கையில் கொடுத்து அளக்கச் சொல்வேன். நல்ல காயில் என்பான். அப்புறம் அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கொதிக்கும் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு மறுபடி அளக்கச் சொல்வேன்.