திருச்சிக்கு டிக்கெட் எப்ப போடுறது?

வருஷா வருஷம் ஆகஸ்ட் மாசம் பொறந்தா போதும், எங்க பிளாக்குல ஏழாவது மாடி அக்கா லிஃப்ட்ல என்னப் பாத்ததும் கேக்குற மொத கேள்வி, "தம்பி, தீபாவளிக்கு டிக்கெட் இப்பவே போட்டுரலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?" நான் ஏதோ ஏர்லைன்ஸ்காரன் மாதிரி. எனக்கு ஷிப்யார்டுல அக்கவுண்ட்ஸ் வேலை. ஆனா பதினோரு வருஷமா சிங்கப்பூர் திருச்சி, சிங்கப்பூர் திருச்சின்னு தேடித்தேடி விரல் தேஞ்சதுல கொஞ்சம் புரிஞ்சிருக்கு, லிஃப்ட் ஏழாவது மாடிக்குப் போறதுக்குள்ள அத முழுசா சொல்ல முடியலங்கிறதால இங்க எழுதி வச்சிர்றேன்.

ஊர்ல ரயில்னா கணக்கு சுலபம். 60 நாளைக்கு முன்னாடி காலைல 8 மணிக்கு புக்கிங் தெறக்கும், தெறந்த ரெண்டு நிமிஷத்துல பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் லிஸ்ட் வந்துரும், கெடச்சா கெடச்சது இல்லன்னா தத்கால். தத்கால விட்டா எப்ப போட்டாலும் ஸ்லீப்பர் சார்ஜ் ஒண்ணுதான். நம்மாளுங்க அதே பழக்கத்தோட பிளேனுக்கு வர்றாங்க, "எப்ப தெறப்பாங்க"ன்னு கேக்குறாங்க. இன்னொரு கூட்டம் சந்தைப் பழக்கத்தோட வருது, அதாவது சாயங்காலம் கடை கட்டுற நேரத்துக்குப் போனா தக்காளி பாதி வெலைக்குக் கெடைக்கும்ல, அது மாதிரி கடைசி நாள் காலி சீட்ட அடிமாட்டு வெலைக்குக் குடுப்பான்னு. பட்ஜெட் ஏர்லைன்ல ரெண்டுமே நடக்காது.

நடக்குறது என்னன்னா, ஒரு ஏர்பஸ் ஏ320ல 180 சீட்டு இருக்குன்னு வைங்க, 180க்கும் ஒரே வெல கெடையாது. உள்ள கூடை கூடையா பிரிச்சு வச்சிருப்பாங்க, மொதக் கூடைல கொஞ்சம் சீட்டு கம்மி வெல, அது தீந்தா அடுத்த கூடை, அது தீந்தா அதுக்கடுத்தது, இப்படியே ஏறிக்கிட்டே போகும். எந்தக் கூடைல எத்தன சீட்டுங்கிறத அவங்க தெனமும் மாத்துவாங்க, விக்கலன்னா கீழ் கூடைய மறுபடி தெறப்பாங்க, வேகமா வித்தா மூடிருவாங்க. நேத்து 140 வெள்ளி (இங்க டாலர வெள்ளின்னுதான் சொல்லுவோம்) இன்னைக்கு 172 ஆகி நாளைக்கு 155க்கு எறங்குறது இதனாலதான். மத்தபடி நம்ம தேடுறதப் பாத்து வெல ஏத்துறான், ரகசிய விண்டோல தேடு, குக்கீஸ அழின்னு ஒரு கதை சுத்துதுல்ல, நானும் நம்பித்தான் இருந்தேன். ஒருநாள் என் போன், வீட்டம்மா போன், ஆபீஸ் கம்ப்யூட்டர் மூணுலயும் ஒரே நேரத்துல தேடிப்பாத்தேன், மூணுலயும் ஒரே வெல. நம்ம யோசிச்சிட்டிருக்கும்போது வேற யாரோ கடைசி சீட்ட எடுத்துட்டுப் போயிட்டான், அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கூடைக் கணக்குல நேரடியா காசு மிச்சமாகுற ஒரு எடம் இருக்கு, நெறைய பேர் கவனிக்கிறதில்ல. போன வருஷம் நாங்க நாலு பேருக்குத் தேடினப்ப ஆளுக்கு 189 காட்டுச்சு. சும்மா ஒரு ஆளுக்குத் தேடினேன், 158. ரெண்டு ஆளு, 158. மூணு போட்டதும் 189. அதாவது கீழ் கூடைல ரெண்டே சீட்டுதான் மிச்சம், நாலு பேர ஒண்ணா கேட்டா நாலும் ஒண்ணா இருக்குற மேல் கூடைக்குப் போயி எல்லாருக்கும் அந்த வெலையவே போட்டுருது. ரெண்டு ரெண்டா தனித்தனி புக்கிங்கா போட்டதுல 62 வெள்ளி மிச்சம். ஆனா ரெண்டு பிஎன்ஆர் ஆயிடும், ஒண்ணுல டைம் மாறினா இன்னொண்ணையும் நம்மதான் பாத்துக்கணும், பிள்ளைங்கள ஆளுக்கொரு பெரியவங்களோட சேத்துப் போடணும், அத மறந்துட்டு புள்ளைய மட்டும் தனி புக்கிங்ல போடப் பாக்காதீங்க, சிஸ்டமே விடாது.

பிள்ளைங்கன்னதும் ஞாபகம் வருது. ரெண்டு வயசுக்குள்ள இருந்தா மடியில, முழு சீட்டுக் காசு கெடையாது, ஆனா அந்த ரெண்டு வயசு பயணம் பண்ற அன்னைக்கு கணக்கு, டிக்கெட் போடுற அன்னைக்கு இல்ல. எங்க சின்னவளுக்குப் போறப்ப ஒரு வயசு பதினோரு மாசம், திரும்புறப்ப ரெண்டு வயசு நாலு நாள். ரிட்டர்னுக்கு முழு சீட்டு. பொறந்தநாள ஊர்ல பாட்டி வீட்ல கொண்டாடணும்னு ஆசப்பட்டதுக்கு வெல.

சரி, எப்ப போடுறதுங்கிற கேள்விக்கு வர்றேன். மொதல்ல நீங்க போற நாள் எல்லாரும் போற நாளா இல்லையான்னு பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. 2025 தீபாவளி அக்டோபர் 20 திங்கக்கிழம வந்துச்சு, இங்கயும் லீவு, அங்கயும் லீவு. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழம ராத்திரி பிளேன்ல ஏறணும்னு இந்தத் தீவுல பாதிப்பேருக்கு ஆச இருக்கும். அந்த மாதிரி நாளுக்கெல்லாம் கீழ் கூடைய தெறக்கவே மாட்டாங்க, எப்படியும் விக்கப்போற சீட்டுக்கு எதுக்குத் தள்ளுபடி? சேல்னு மெயில் வரும், உள்ள போனா தீபாவளி, பொங்கல், டிசம்பர் லீவு எல்லாத்தையும் கவனமா கழட்டி வச்சிருப்பாங்க. அதனால பண்டிகைக்கு லீவு உறுதியான அன்னைக்கே போட்டுருங்க, நாலஞ்சு மாசம் முன்னாடின்னாலும் சரி, பொறுத்தா எறங்கும்னு பொறுத்தவங்கள்ல எறங்குனத பாத்தவங்க ரொம்பக் கம்மி.

சாதாரண நாள்னா கத வேற. ரொம்ப முன்னாடி போட்டாலும் லாபமில்ல, ஏன்னா ஆரம்பத்துல நடுத்தர வெலைல வச்சிட்டு யார் வர்றான்னு பாப்பாங்க. என் அனுபவத்துல ஆறு வாரத்துலேர்ந்து பத்து வாரம் முன்னாடிதான் நல்ல வெல கண்ணுல பட்டிருக்கு, மூணு வாரத்துக்குக் கீழ வந்துட்டா ஏணில ஏறுற மாதிரிதான். போறதுக்கு நல்ல மாசம்னா ஆடி மாசம். முகூர்த்தம் கெடையாது, இங்க ஜூன் ஸ்கூல் லீவும் முடிஞ்சிருக்கும், பாதி விலைக்குப் போயிட்டு வந்திருக்கேன். ஆவணி பொறந்ததும் கல்யாணப் பத்திரிகையோட சேர்ந்து டிக்கெட்டும் ஏறும். ஆடித் தள்ளுபடி துணிக்கடைல மட்டும்னு நெனச்சிருந்தேன்.

அப்புறம் போக வர ஒரே கம்பெனில போடணும்னு அவசியமில்ல, இது நெறைய பேருக்கு இன்னும் பழகல. பட்ஜெட் ஏர்லைன்ல போற டிக்கெட் தனி வெல, வர்ற டிக்கெட் தனி வெல, ரெண்டையும் சேத்து வாங்கினா பெரிய தள்ளுபடி எதுவும் கெடையாது. நான் வந்த புதுசுல டைகர் ஏர், 2017ல அது ஸ்கூட்டோட ஒண்ணாயிடுச்சு, இப்ப திருச்சிக்கு ஸ்கூட் இருக்கு, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இருக்கு, இண்டிகோ இருக்கு. போறது ஒண்ணுல, வர்றது ஒண்ணுல. பண்டிகை முடிஞ்ச ஞாயித்துக்கிழம திரும்பாம புதன்கிழம திரும்பினா மிச்சமாகுற காசுல ஒருநாள் சம்பளம் போனாலும் பரவால்லன்னு ஒரு தடவ கணக்குப் போட்டே பாத்திருக்கேன். மேனேஜர்கிட்ட அந்தக் கணக்கக் காட்டல.

ஆனா வெலய ஒப்பிடுறப்ப பெட்டியோட சேத்துப் பாருங்க. நம்ம என்ன ஏழு கிலோ கைப்பையோட போற ஆளா? கோடாலித் தைலம் ஒரு டஜன், மைலோ, சாக்லேட், மாமாவுக்கு டார்ச் லைட்டு, யாரோ ஒருத்தருக்கு யாரோ குடுத்துவிட்ட பார்சல், முப்பது கிலோவுக்குக் கொறஞ்சு நம்ம ஊர்க்காரன் வீட்டவிட்டுக் கெளம்புறதில்ல. சிலதுல டிக்கெட்லயே பெட்டி சேர்ந்து வரும், சிலதுல ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு, 120னு காட்டுறது கடைசி பக்கத்துல 190 ஆகும், பக்கத்துல 165னு காட்டுன டிக்கெட்தான் உண்மையில மலிவு. பெட்டிய டிக்கெட் போடும்போதே போட்டுருங்க, கவுண்டர்ல போயி எடை கூடிருச்சுன்னா அவங்க கேக்குற காசுக்கு அந்த மைலோவ திருச்சிலயே வாங்கிடலாம். சாங்கி ஏர்போர்ட்ல செக்கின் வரிசை பக்கத்துல தரையில பெட்டியப் பொளந்து வச்சு ரெண்டு ஜீன்ஸ மேல மாட்டிக்கிட்டு நின்ன ஆள நான் பாத்திருக்கேன். நானும் ஒரு தடவ நின்னிருக்கேன்.

அலர்ட் வச்சிக்கோங்க, கூகிள் ஃப்ளைட்ஸ்ல தேதிய போட்டு வச்சா வெல மாறுறப்ப மெயில் வரும். அதவிட முக்கியம், தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இந்தத் தொகைக்குக் கெடச்சா எடுத்துருவேன்னு மனசுல ஒண்ண முடிவு பண்ணிருங்க. ஒரு பொங்கலுக்கு 230க்கு நின்ன டிக்கெட்ட 215 ஆகும்னு மூணு நாள் விட்டேன், 318. எடுத்துட்டா அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகாதீங்க, மறுநாள் இருபது வெள்ளி எறங்கியிருந்தா உங்களுக்கு எதுக்குத் தெரியணும்?

இதெல்லாம் பத்தி பேசுறப்ப அந்த அக்கா வீட்டுக்காரர் ஒரு தடவ கேட்டாரு, ஏந்தம்பி காலியாப் போற சீட்ட கடைசில கம்மியா வித்தா அவனுக்கும் லாபந்தானேன்னு. இல்லண்ணே, கடைசி நாள் டிக்கெட் தேடுறவன் யாருன்னு ஏர்லைன்காரனுக்குத் தெரியும். ஒண்ணு கம்பெனிக் காசுல போறவன். இன்னொண்ணு சாவுக்குப் போறவன். ரெண்டு பேரும் வெல பாக்கமாட்டாங்க.

எங்க அப்பாவுக்கு 2019ல அப்படித்தான் ஆச்சு. ராத்திரி ரெண்டரைக்கு தம்பி போன் பண்ணான், ஊர்ல அப்ப மணி பன்னெண்டு. அழுதுக்கிட்டே, "எப்பண்ணே வருவ, எடுக்குற நேரம் கேக்குறாங்க"ன்னான். காலைல பிளேன்ல நாலு சீட்டு இருந்துச்சு. 486 வெள்ளி, ஒருவழி. அத்தன வருஷமா பதினஞ்சு வெள்ளிக்கு மூணு நாள் காத்திருந்தவன், அந்த நம்பர படிக்கக்கூட இல்ல, அப்புறம் பேங்க் ஸ்டேட்மெண்ட்லதான் பாத்தேன். அதுலேர்ந்து ஒரு டிக்கெட்டுக்குண்டான காச தனி அக்கவுண்ட்ல போட்டு வச்சிருக்கேன், அம்மா இருக்காங்க. அன்னைக்கு அந்த சைட்டு வழக்கம்போல ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே வந்துச்சு, ஜன்னல் சீட்டு வேணுமா, சாப்பாடு வேணுமா, பெட்டி எத்தன கிலோன்னு. எதுவும் வேணாம், வேணாம்னு அழுத்திட்டு வெறுங்கையோட ஏர்போர்ட்டுக்குப் போனது அந்த ஒரு தடவதான்.