குழலின் அடியில் இருந்த முத்திரை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில், அப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரத்துடன் இருக்கும் இரட்டைக்குழல் துவக்கு, வவுனியாவில் வயலுக்கு வரும் பன்றிகளை விரட்ட அப்பப்பா வைத்திருந்தது. பக்கத்தகட்டில் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று பொறித்திருந்ததால், அதை இங்கிலாந்துத் துவக்கு என்றே எல்லோரும் சொல்லி வந்தோம். இவ்வருடம் அனுமதியைப் புதுப்பிக்கச் சென்றபோது, பழைய பதிவில் தயாரிப்பு நாடு மங்கிப்போயிருந்ததால், அதை உறுதிசெய்து எழுதித் தரும்படி கேட்டார்கள். ஊகத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை.

தகட்டில் எந்தப் பெயரையும் பொறிக்கலாம். குழலை வெடித்துச் சோதித்த நிலையத்தின் முத்திரையே நம்பத்தக்கது. அப்பா இரு குழல்களும் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, முன்கட்டையைக் கழற்றி, நெம்பை விலக்கிக் குழல்களைப் பிரித்தெடுத்தார். மண்கடதாசியால் தேய்க்கலாம் என்று நான் சொன்னதை அவர் அனுமதிக்கவில்லை. தேய்த்திருந்தால் முத்திரையும் போயிருக்கும். தையல் மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, இரண்டு நாள் ஊறவைத்துத் துடைத்தோம். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது, நீள்வட்டத்துக்குள் ‘ஈ.எல்.ஜி.’ என்ற எழுத்துகளும் அவற்றின் கீழ் ஒரு நட்சத்திரமும் எழுந்தன.

அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை. பர்மிங்ஹாமில் 1813 முதல் 1904 வரை இட்ட, கிரீடத்துடன் குறுக்கிட்ட செங்கோல் முத்திரை எங்குமே இல்லை. குழலுக்குள் பொருந்தும் உருண்டைகள் ஓர் இறாத்தல் ஈயத்தில் எத்தனை என்ற கணக்கில் ஆங்கிலேயர் குழலளவைக் குறிப்பார்கள். இதிலோ மில்லிமீட்டரில் 18.2 என்று இருந்தது. லியேஜ் முத்திரையின் மேல் 1893இல் கிரீடம் சேர்க்கப்பட்டது. இதில் கிரீடம் இல்லாததால் துவக்கு அதற்கு முந்தியது.

துடைத்த இடத்தில் நீரலை போன்ற வரிகளும் தெரிந்தன: இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி ஒட்டிய டமாஸ்கஸ் குழல். கரிமருந்துக் காலத்துக் குழலில் இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துச் சிதறக்கூடும் என்பதால், இனி இதைச் சுடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தோம்.

பர்மிங்ஹாமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் புகழ்பெற்ற நிறுவனம். அதை நினைவூட்டும் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்ற பெயரோடு பெல்ஜியத் துவக்குகள் பல ஏற்றுமதியாகியிருக்கின்றன. “அப்ப ஐயா ஏமாந்திட்டாரோ?” என்று அப்பா கேட்டார். பென்சில் பதிவையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, படிவத்தில் ‘பெல்ஜியம், லியேஜ்’ என்று தன் கையாலேயே எழுதினார்.